சிவப்புக் கோட்டுக்குள் ஒரு வீடு

எங்கள் வீட்டின் கிழக்கு அறைக்குக் கூரை கிடையாது. மார்பளவுக்குச் சுவர் எழுப்பியிருந்தோம். மேலே போட வாங்கிய ஓடுகளை மூலையில் அடுக்கி வைத்திருந்தோம். இந்தக் கோலத்தில் அந்த அறை ஆறு வருஷத்துக்கு மேல் நின்றது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம், "எப்ப முடிக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள். முதல் வருஷம் விவரமாகப் பதில் சொன்னேன். பிறகு, "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. நான் கோயமுத்தூரில் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். என் அப்பன் சூலூர்ப் பக்கத்தில் ஒரு பண்ணையில் ஆளாக இருந்து அங்கேயே செத்துப்போனவர். எங்கள் வம்சத்தில் யார் பேரிலும் ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. எனக்குக் கிடைத்ததும் ஒருவருடைய கோபத்தால்தான். நகரத்துக்கு மேற்கே, மருதமலைக்குப் போகும் பாதையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சோளக்காடு இருந்தது. அதன் சொந்தக்காரரை எல்லோரும் பண்ணாடி என்பார்கள். அவருக்கும் அவருடைய பங்காளிக்கும் வரப்புத் தகராறு. பங்காளி தன் பாகத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டே போனபோது, பண்ணாடியின் கிணற்றை ஒட்டியிருந்த மூன்று சென்ட் துண்டை மட்டும் எனக்கு விற்றார். பண்ணாடியின் கண்ணெதிரே எங்கள் சனம் குடியிருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாங்கினேன். வேறு யாரும் எனக்கு விற்றிருக்க மாட்டார்கள்.

நிலத்துக்கான பணத்தில் பெரும்பங்கு என் மனைவியின் நகையிலிருந்து வந்தது. அதனால் பத்திரத்தில் அவள் பேரையும் சேர்த்து எழுதச் சொன்னேன். அவள் மிஷன் விடுதியில் நான்காம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். படித்ததை மறக்க மாட்டாள்.

மேற்கு அறையைக் கட்டிக் குடியேறினோம். அவள் மூத்த பிள்ளையை உண்டாகியிருந்தாள். கிழக்கு அறைக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது முனிசிபாலிட்டி சர்வேயர் இரண்டு ஆட்களோடு வந்தார். சங்கிலியை எங்கள் சுவரின் மேலேயே போட்டு இழுத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முளைக்குச்சி, இந்தப் பக்கம் ஒன்று. அப்புறம் பண்ணாடியின் கிணற்று மேட்டுக்குப் போய் அங்கேயும் இரண்டு அடித்தார்கள்.

"என்னங்க இது?" என்று கேட்டேன்.

"டவுன் விரியப் போகுது வாத்தியாரே. இந்தப் பக்கம் பூரா மனையிடமாகும். அறுபதடி ரோடு இப்படித்தான் போகுது" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைச் சுருட்டினார்.

ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. கூடவே வரைபடத்தின் நகல் ஒன்று. அதில் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் சிவப்பு மையில் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். எங்கள் கிழக்கு அறை முழுவதும் கோட்டுக்குள். மேற்கு அறை தப்பித்திருந்தது. பண்ணாடியின் கிணறு நட்டநடுவில் கிடந்தது. திட்டம் சர்க்காரால் முடிவாக ஏற்கப்படும்வரை அந்த நிலங்களில் யாரும் புதிதாகக் கட்டவோ, கட்டியதை உயர்த்தவோ, கூரை மாற்றவோ, கிணறு ஆழப்படுத்தவோ கூடாது என்று எழுதியிருந்தது. நஷ்டம் கோருவோருக்கு ஒரு மத்தியஸ்தர் நியமிக்கப்படுவார், அவர் விசாரித்துத் தீர்ப்பார் என்றும் இருந்தது.

நான் அதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள், "எப்ப விசாரிப்பாங்களாமா?" என்று கேட்டாள். அது மட்டும் நோட்டீசில் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்வதா, காத்திருந்தது என்று சொல்வதா என்று தெரியவில்லை. ஒரே அறையில் அடுப்பு, பெட்டி, பாய், தொட்டில் எல்லாம் இருந்தன. முதல் பிள்ளை அங்கே பிறந்தது. இரண்டாவதும் அங்கேயே பிறந்தது. ஆடிக்காற்று அடிக்கும்போது மேற்குச் சன்னலைச் சாத்துவோம். சாத்தினால் புகை மூட்டி பிள்ளைகள் இருமும், திறந்தால் சோறெல்லாம் மண்ணாகிவிடும். பக்கத்திலேயே நாலு சுவரும் எழும்பிய ஒரு அறை வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அதன்மேல் ஓலையாவது போட்டுக்கொள்கிறோம் என்று மனு எழுதினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அடுத்த மனுவுக்கும் அதுவே வந்தது. ஒருமுறை பொறுக்காமல் நாலு மூங்கில் வைத்துத் தட்டி கட்டினேன். மூன்றாம் நாள் முனிசிபாலிட்டி டவாலிச் சேவகன் வந்து, பிரித்தால்தான் போவேன் என்று நின்றுவிட்டான். என் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் பாதையில் நின்று பார்க்க, என் கையாலேயே பிரித்துப் போட்டேன்.

விற்றுவிட்டுப் போகலாம் என்றால் வாங்க ஆளில்லை. வந்து பார்த்தவர்கள் சிவப்புக் கோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். பொள்ளாச்சியில் மிஷன் பள்ளி ஒன்றுக்குத் தலைமை வாத்தியாராக என்னைக் கேட்டார்கள், குடியிருக்க வீடும் உண்டு. விசாரணைக்குத் தேதி குறித்திருந்த சமயம் அது. ஆஜராகாவிட்டால் கோரிக்கை தள்ளுபடி ஆகிவிடும் என்று வக்கீல் குமாஸ்தா ஒருவர் பயமுறுத்தினார். நான் பொள்ளாச்சிக்குப் போகவில்லை. மத்தியஸ்தர் இன்னும் நியமனமாகவில்லை என்று அந்தத் தேதியும் ஒத்திப்போடப்பட்டது.

இதோடு தண்ணீர்க் கஷ்டம் வேறு. நகரத்துக்குள் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது. எங்கள் பகுதியைத் திட்டத்துக்குள் சேர்த்தார்களே தவிர, குழாய் சேரவில்லை. பக்கத்தில் இருந்தது பண்ணாடியின் கிணறு ஒன்றுதான். ஒரு பக்கம் மாடு பூட்டித் தோல்பறியில் தோட்டத்துக்கு இறைப்பார்கள். மறு பக்கம் குடிதண்ணீருக்கு ராட்டினமும் கயிறும் இருக்கும். அந்தக் கயிற்றை நாங்கள் தொடக்கூடாது. என் மனைவி குடத்தைக் கிணற்று மேட்டுக்குக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். பண்ணாடி வீட்டு வேலைக்காரி மனசு வந்தபோது சேந்தி, மேலிருந்தே ஊற்றுவாள். பாதி குடத்தில் விழும், பாதி மண்ணில் விழும். சில நாள் ஒரு நாழிகை நிற்க வேண்டியிருக்கும். நான் வாத்தியார், கிறிஸ்தவ வேதம் படித்தவன், சட்டை போட்டவன். என் மனைவி கிணற்றடியில் நிற்பதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே பள்ளிக்கு விடிந்ததும் கிளம்பிவிடுவேன். இதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

நான்காம் வருஷ முடிவில் மத்தியஸ்தர் நியமனமாகி, உண்மையாகவே ஒரு தேதி வந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயில் விட்டு நாங்கள் திரும்பிய நேரம், பண்ணாடி எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார். அத்தனை வருஷத்தில் அவர் வந்தது அதுவே முதல் தடவை. முளைக்குச்சிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"ஏனுங் வாத்தியாரே, ஊட்ல இருக்கறீங்களா?"

அதுவரை அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. வா என்பார், போ என்பார், அதுவும் அபூர்வம். நான் வெளியே போனேன்.

"விசாரணைக்கு உங்களுக்கும் நோட்டீசு வந்துதுங்களா?"

"வந்துதுங்க."

"எனக்கும் வந்துது. கெணறு போச்சுன்னா எம்பட காடு போச்சுங்க. ஆழப்படுத்தறதுக்கும் உடமாட்டேங்கறானுக, நாலு வருசமா வெள்ளாமை பாதியாப் போச்சு." அவர் கிணற்றுப் பக்கம் பார்த்தார். "எம்பட வக்கீலு ஒண்ணு சொல்றாருங்க. ஒரு காட்டுக்காரனோட கெணறுன்னா ஒரு மதிப்பு, ஊரே சேந்திக் குடிக்கிற கெணறுன்னா வேற மதிப்பாமா. அதனால நான் அப்படித்தான் சொல்லப் போறேன். மத்தியஸ்தரு உங்களக் கேட்டா, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அவ்வளவுதான்."

நானும் கிணற்றைப் பார்த்தேன்.

"தண்ணி ஊத்தறவகிட்ட நான் இதுவரைக்கும் ஒண்ணுஞ் சொன்னதில்லீங்க. இனியும் சொல்ல மாட்டேன்" என்றார். குரல் மாறவில்லை. "செரி, வாரேன்" என்று போய்விட்டார்.

உள்ளே வந்தபோது என் மனைவி பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

விசாரணை முனிசிபாலிட்டி ஆபீசின் பின்கட்டில் ஒரு நீள அறையில் நடந்தது. மத்தியஸ்தர் ஓய்வு பெற்ற சப்ஜட்ஜ், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இடது காது மந்தம். தலையைத் திருப்பி வலது காதைக் காட்டிக்கொண்டுதான் கேட்பார். மரியாதையான மனுஷர். எடுத்த எடுப்பிலேயே அவர் சொன்னது என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது.

"ரோட்டை நகர்த்து, வளைத்துப் போடு என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். ரோட்டுக் கோட்டுக்குச் சர்க்கார் சம்மதம் கொடுத்தாகிவிட்டது. அதைத் தொட எனக்கு அதிகாரமில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று மட்டும்தான் நான் தீர்மானிக்க முடியும்."

நாலு வருஷமாக நான் எழுதிய மனுக்கள் எல்லாவற்றிலும் ரோட்டைப் பத்தடி தள்ளிப் போடுங்கள் என்றுதான் கேட்டிருந்தேன். அவற்றைக் கேட்டு முடிவு செய்யும் ஆள் என்று நான் நம்பிக் காத்திருந்தவர் இவர். கையில் இருந்த மனு நகல்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பண்ணாடியை முதலில் விசாரித்தார்கள். வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி நிதானமாகச் சொன்னார்.

"இந்தச் சுத்துவட்டாரமே எம்பட கெணத்துத் தண்ணியத்தானுங்க சாமி குடிக்குது. யாரு வந்தாலும் சேந்திக்குவாங்க. நான் ஒருத்தரையும் தடுத்ததில்லீங்க."

முனிசிபாலிட்டி வக்கீல் சிரித்தார். "யாரு வந்தாலுமா? அடுத்தாப்பல குடியிருக்கற வாத்தியாரு குடும்பங்கூடவா?"

பண்ணாடி தன் வக்கீலைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க. அவுங்களுந்தான்" என்றார்.

உடனே என்னைக் கூப்பிட்டார்கள். கிறிஸ்தவன் என்பதால் வேதபுத்தகத்தைக் கையில் கொடுத்துப் பிரமாணம் வாங்கினார்கள். பெயர், தொழில் எல்லாம் கேட்ட பிறகு மத்தியஸ்தர் தலையைத் திருப்பினார்.

"அந்தக் கிணற்றில் உம்முடைய வீட்டார் தண்ணீர் எடுப்பதுண்டா?"

என் மனைவி கதவோரத்தில் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஊற்றுகிறார்கள், நாங்கள் கயிற்றைத் தொட முடியாது என்று சொன்னால் அன்று மாலையே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. அடுத்த கிணறு ஒரு மைல். இரண்டு பிள்ளைகள். இதைத்தான் நினைத்தேன். வேறெதையும் நினைக்கவில்லை.

"எடுக்கிறோம்" என்றேன்.

"உரக்கச் சொல்லும். காது கேட்கவில்லை."

"எடுக்கிறோமுங்க."

"உங்கள் கயிற்றிலேயா, அவர்கள் கயிற்றிலேயா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "எங்க கயித்துல" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். குமாஸ்தா எழுதிக்கொண்டார். திரும்பப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். இடத்தை நேரில் வந்து பார்ப்பேன், எப்போது என்று சொல்ல முடியாது என்று மத்தியஸ்தர் சொல்லி அனுப்பினார்.

வீடு திரும்பும்போது என் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள்.  கடைவீதிக்குள் வந்ததும் ஒரு கடையில் நின்றாள். சேந்து கயிறு ஒன்று கேட்டு வாங்கினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. 

மறுநாள் காலையில் குடமும் கயிறுமாக அவள் கிளம்பியபோது கையைப் பிடித்துத் தடுத்தேன். "வேண்டாம். ஊத்தறதும் நின்னுபோயிரும்" என்றேன்.

"வேண்டாங்கறத நேத்து அங்க சொல்லியிருக்கோணும்" என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

நான் அன்று பள்ளிக்குப் போகவில்லை. கூரையில்லாத அறையின் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் கிணற்று மேட்டில் ஏறினாள். வேலைக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டு ஒதுங்கினாள். மாடு ஓட்டிக்கொண்டிருந்த ஆள் மாட்டை நிறுத்தினான். என் மனைவி ராட்டினத்திலிருந்த கயிற்றை எடுத்து ஒழுங்காக ஒரு ஓரம் வைத்துவிட்டு, தன் கயிற்றை மாட்டிக் குடத்தை இறக்கினாள். ராட்டினச் சத்தம் கேட்டு வரப்பிலிருந்து பண்ணாடி ஓடிவந்தார்.

"ஏய், என்ன பண்றே?"

"தண்ணி சேந்தறனுங்க."

"ஆரு உன்னைய மேல ஏறச் சொன்னது?"

"நீங்கதானுங்க. ஆரு வந்தாலும் சேந்திக்குவாங்க, வாத்தியாரு ஊட்டுலயுந்தான்னு நேத்து அந்தச் சாமிகிட்டச் சொன்னீங்க. எம்பட ஊட்டுக்காரரும் ஆமான்னு கையெழுத்துப் போட்டாரு." அவள் கயிற்றை இழுப்பதை நிறுத்தவே இல்லை. "அவரு என்னைக்குப் பாக்க வருவாருன்னு தெரியாதுங்க. நான் இங்க சேந்தலீன்னா நீங்க ரெண்டு பேரும் சொன்னது பொய்யாப் போயிருமுங்களே."

பண்ணாடியின் கையில் மாட்டுக்குச்சி இருந்தது. அது மேலே எழுந்ததை நான் பார்த்தேன். சுவரைத் தாண்டிக் குதித்தேன். ஆனால் நான் போய்ச் சேருவதற்குள் குச்சி தாழ்ந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாட்டை நிறுத்திவிட்டு நின்ற ஆளைப் பார்த்தார். பிறகு திரும்பி வரப்பில் நடந்துபோனார். என் மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.  குடத்துத் தண்ணீர் தளும்பிச் சேலையெல்லாம் நனைந்திருந்தது.

அன்றிலிருந்து தினமும் போனாள். பண்ணாடி வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். வேலைக்காரி தூரத்திலிருந்த இன்னொரு கிணற்றுக்கு நடந்து போய் வந்தாள். பண்ணாடியின் மச்சான்மார் இரண்டு பேர் ஒருநாள் எங்கள் ஓட்டு அடுக்கைத் தடியால் அடித்து உடைத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மத்தியஸ்தர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். என் மனைவி அப்போது கிணற்றில்தான் இருந்தாள். அவர் சற்று நேரம் நின்று பார்த்தார். "தினமும் இப்படித்தானா?" என்று பண்ணாடியைக் கேட்டார். பண்ணாடி தரையைப் பார்த்துக்கொண்டு, "தெனமும் இப்படித்தானுங்க சாமி" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எனக்குப் பழக்கமான குரலாக அது இருந்தது.

தீர்ப்பு எட்டு மாதம் கழித்து வந்தது. கிழக்கு அறை போயிற்று. அதற்கு நஷ்டம் உண்டு. கிணறும் போயிற்று. அது பலரும் எடுக்கும் கிணறு என்பதால் பண்ணாடி கேட்டதில் பெரும்பகுதியைக் கொடுத்தார்கள். அதே காரணத்தால், முனிசிபாலிட்டி அங்கே ஒரு தெருக்குழாய் வைக்கும்வரை கிணற்றை மூடக்கூடாது, தண்ணீர் எடுக்க வருபவர்கள் யாரையும் தடுக்கவும் கூடாது என்று ஒரு வரி இருந்தது. நான் அதை என் மனைவிக்குப் படித்தேன். அவள் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு காட்டுக்கு அந்தப் பக்கத்தில் எங்கள் சனம் குடியிருந்த வளவுக்குப் போய், பெண்கள் நாலைந்து பேரிடம் சொன்னாள். ஒரு வாரம் யாரும் வரவில்லை. பிறகு ஒருத்தி வந்தாள். மாதக் கடைசியில் எல்லோரும் வந்தார்கள்.

வளவில் என்னைப் பற்றி ஒரு கதை பரவிற்று. வாத்தியார் மத்தியஸ்தர் முன்னால் சாமர்த்தியமாகப் பேசிப் பண்ணாடியை மடக்கிவிட்டார் என்று. வயசானவர்கள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. வேதபுத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பயத்தில் உளறியதை எப்படிச் சொல்வது? என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் ஒருநாளும் அதை எடுத்ததில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

குழாய் வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. குழாய்க்குப் பின்னால் ரோடு வந்தது. ஒரு காலை நேரத்தில் கிழக்கு அறைச் சுவர்களை இடித்து வண்டியில் அள்ளினார்கள். அரை நாள்கூட ஆகவில்லை. மிஞ்சிய இடத்தில் பின்பக்கம் ஒரு அறை கட்ட அனுமதி கேட்டேன். ரோட்டிலிருந்து விட வேண்டிய இடம் போக மீதி போதாது என்று மறுத்துவிட்டார்கள். நாலு பேரும் அந்த ஒரே அறையில்தான் இருந்தோம். இப்போது சன்னலைத் திறந்தால் ரோட்டுப் புழுதி வந்தது.

கிணற்றை மண் போட்டு மூடியபோது பண்ணாடி பார்க்க வந்தார். மாடுகளை அந்தியூர்ச் சந்தைக்கு அனுப்பிவிட்டார் என்றும், மீதி நிலத்தை மனையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். ஆள் மெலிந்துபோயிருந்தார். என் பக்கத்தில் வந்து நின்றார். வெகுநேரம் வண்டி மண் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வாத்தியாரே, அன்னைக்கு அங்க நீ பயந்துபோய்த்தானே சொன்னே?" என்று கேட்டார். பழையபடி 'நீ'தான்.

"ஆமாங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "ஊர்ல என்னென்னமோ பேசிக்கறாங்க. நான் ஒருத்தருகிட்டயும் சொல்லலே."

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அப்போது என் மனைவி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்று, "வாங்க" என்றாள்.  அவள் நடப்பதற்காக அவர் பாதையை விட்டு ஒரு அடி ஒதுங்கி நின்றார். அவள் கடந்து வீட்டுக்குள் போனாள்.